பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையைப் பிடித்திருந்தால்? இதை ஆய்வுக் கேள்வியாக எடுக்கலாமா?

ஏட்டுக்கட்டு:
முதுகலை வகுப்பு விவாதத்துக்காகக் கேட்கிறேன். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்ட லாலி அதைப் பிடித்திருந்தால் இந்தியா பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிருக்கும் என்கிறார்கள். இது ஆய்வா, டீக்கடைப் பேச்சா?

கப்பல்துறை:
முடிவை மாற்றினால் டீக்கடைப் பேச்சுதான். முடிவை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய தீர்மானம் ஒன்றை மாற்றிப் பாருங்கள். அது அன்றைக்கே இரண்டு பக்கமும் பேசப்பட்டதாக இருக்க வேண்டும்.

பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி தஷேயை எடுத்துக்கொள்ளலாம். 1758 ஏப்ரலில் கடலூர் அருகிலும் ஆகஸ்டில் நாகப்பட்டினம் பக்கமும் ஆங்கிலேயரோடு மோதி அடிபட்டவர். லாலியும் புதுச்சேரி கவுன்சிலும் தடுத்தும் கேளாமல், செப்டம்பர் தொடக்கத்தில் மொரீஷியசுக்குப் போய்விட்டார். ஆக, அவர் தங்கியிருக்கலாம் என்பது நாம் கட்டிய கதையில்லை.

சரி, தங்கவையுங்கள். அடுத்து வடகிழக்குப் பருவமழை. புதுச்சேரியில் துறைமுகம் இல்லை, திறந்த கடலில்தான் நங்கூரம். 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களை அக்டோபர் புயல் சின்னாபின்னமாக்கியது. ஆங்கிலேயக் கப்பல்களும் மழைக்காலத்தில் பம்பாய்க்கு ஒதுங்கியதற்குக் காரணம் இதுதான். 'தஷே கோழை' என்ற பழைய தீர்ப்பு இங்கே ஆட்டம் காண்கிறது. இந்தப் பயிற்சியால் எனக்குத் தெரிந்த முதல் லாபம் அது.

வராகன்:
கப்பலை விடக் காசு பெரிது. அந்த ஆண்டே பழைய கடன் பத்திரத்தைக் காட்டிப் பணம் பறிக்கத் தஞ்சாவூர் போன லாலி வெறுங்கையோடுதான் திரும்பினார்.

எந்த மாற்றத்தை வைத்தாலும் 'பழைய தடத்துக்கே திரும்பிவிடாதா?' என்று கேளுங்கள். இதற்குக் கற்பனையே தேவையில்லை. சென்னை 1746-இல் ஒருமுறை விழுந்தது. 1748 உடன்படிக்கையில் கனடாவின் லூயிபூர் கோட்டைக்கு மாற்றாக ஆங்கிலேயரிடமே திரும்பிப் போனது. இரண்டாம் முறை விழுந்திருந்தாலும், பிளாசிக்குப் பின் வங்காளத்துப் பணமும் படையும் அவர்கள் பக்கம் இருந்தன.

ஏட்டுக்கட்டு:
நன்றி. எத்தனை படி வரை ஊகிக்கலாம்?

வராகன்:
இரண்டு. ஒவ்வொரு படிக்கும் பத்துக்கு ஏழு என்று தாராளமாக வைத்தாலும் மூன்றாம் படியில் மொத்த வாய்ப்பு பத்துக்கு மூன்றரைகூட வராது. 'இந்தியா முழுக்க' என்பது பத்தாம் படி.

கப்பல்துறை:
விவாதத்துக்கு தஷேயை விட புஸ்ஸி வசதி (ஐதராபாத்தில் இருந்த பிரெஞ்சுப் படைத் தளபதி; புதுச்சேரி புஸ்ஸி வீதி இவர் பெயரில்தான்). லாலி அவரை 1758-இல் ஐதராபாத்திலிருந்து திருப்பி அழைத்தார். அவர் இடத்தில் இருந்த கொன்ஃப்ளான், வங்காளத்திலிருந்து வந்த ஆங்கிலேயத் தளபதி ஃபோர்டிடம் டிசம்பரில் கொண்டூரில் தோற்றார். 1759 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த மசூலிப்பட்டினமும் போயிற்று. நிஜாம் சலாபத் ஜங் உடனே ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார். அழைப்பை மட்டும் நீக்கிவிட்டு, மசூலிப்பட்டினம் நிற்குமா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு 1761 வரை வருகிறது. புதுச்சேரியில் அப்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அதில் தேடலாம். படைவீரர்களின் சம்பளப் பாக்கியையும் கணக்கில் சேருங்கள், புஸ்ஸி இருந்திருந்தாலும் அது தீர்ந்திருக்காது.