அம்மா சாப்பாட்ட கலோரி ஆப்ல எப்படி போடுறது?

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம், மலேசியா சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி), கிளினிக்ல சாப்பிடறத எழுதி வைக்க சொன்னாங்க, அதான் போன்ல கலோரி ஆப் போட்டேன். ரொட்டி சானாய், நாசி லெமாக்லாம் தேடுனா வருது, ஆனா ஒரே ரொட்டிக்கு நாலு விதமா கணக்கு காட்டுது, எத நம்புறது? வீட்டு கருவாட்டு குழம்புக்கு என்ன போடுறது? எண்ணெய் 1 கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்துக்கு 4ன்னு தெரியும், அதனால நேத்து தராசு வச்சு தேங்காப்பால் வரைக்கும் நிறுத்து சட்டி முழுசுக்கும் போட்டுட்டேன், ஆனா அம்மா ரெண்டு கரண்டி ஊத்திக்கிட்டா அது எத்தன கிராம்? காலைல பசியாறப்ப தே தாரிக் (பால் டீ) வேற, கடைல டின் பால சாய்க்கிறத பாத்தாலே பயமா இருக்கு. நம்ம வீட்டு சமையல இப்படி கணக்கு போட்டு பழகுனவங்க இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க, அடுத்த மாசம் அம்மாவுக்கு ரத்தம் எடுக்கணும்.