சுட்ட காய்கறி பாஸ்தா: காய் நீர் விடுகிறது, முந்திரி சாஸ் இறுகுகிறது. உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மகள் வீகன் உணவுக்கு மாறிவிட்டாள். பால், நெய், சீஸ் எதுவும் கிடையாது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவளுக்குப் பிடித்த பாஸ்தாவை நன்றாகச் செய்து கொடுக்க ஆசை. குடைமிளகாய், கத்திரிக்காய், காலிஃபிளவர், சுக்கினி (வெள்ளரி மாதிரி இருக்கும் காய்), தக்காளி எல்லாவற்றையும் ஒரே ட்ரேயில் பரப்பி, ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் மின்சார அவன்) 180 டிகிரியில் 25 நிமிடம் வைக்கிறேன். காய் வேகிறது, ஆனால் நிறமே வரவில்லை. ட்ரேயின் அடியில் தண்ணீர் நிற்கிறது. முந்திரி சாஸ் மிக்சியில் இருக்கும்வரை வழுவழுப்பாக இருக்கிறது, அடுப்பில் கொதித்ததும் களி மாதிரி ஆகிவிடுகிறது. பாஸ்தாவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. எங்கே மாற்ற வேண்டும்?

பதில்:
அக்கா, முதலில் காயைப் பார்ப்போம். காய் சிவப்பதற்கு அதன் மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஈரம் இருக்கும்வரை அது 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். நெருக்கமாகப் பரப்பினால் காய்கள் விடும் ஆவியிலேயே அவை அவிந்துவிடும். உங்கள் ட்ரேயில் நடப்பது அதுதான்.

ஓடிஜியை 220 டிகிரியில் வைத்து, மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டையும் போட்டு, 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். கழுவிய காயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அரைக் கிலோ காய்க்கு 2 மேசைக்கரண்டி எண்ணெய் போதும், கத்திரிக்காய்க்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். உப்பை உள்ளே வைக்கும் நேரத்தில்தான் போட வேண்டும். முன்னாலேயே போட்டு வைத்தால் காய் நீர் விட்டுவிடும். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கட்டும். ட்ரே சின்னதாக இருந்தால் இரண்டு தடவையாகச் சுடுங்கள், அவசரப்பட வேண்டாம்.

காலிஃபிளவருக்கு 25 முதல் 30 நிமிடம் ஆகும், குடைமிளகாய்க்கு 20 போதும். தக்காளியும் சுக்கினியும் நீர்க்காய்கள். அவற்றை மற்றதோடு சேர்க்காமல் தனி ட்ரேயில் வையுங்கள். பூண்டை நறுக்கிப் போட்டால் கருகிக் கசக்கும், தோலோடு முழுப் பல்லாகப் போடுங்கள்.

பதில்:
பாஸ்தா பற்றி நான் சொல்கிறேன். பாக்கெட்டில் டூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா பாருங்கள். மைதா கலந்தது சீக்கிரம் குழைந்து ஒட்டும். மகள் வீகன் என்பதால் முட்டை சேர்த்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, முதல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். அந்த நேரத்தில்தான் ஒட்டும். தண்ணீரில் எண்ணெய் ஊற்ற வேண்டாம், வடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசவும் வேண்டாம். மேலே இருக்கும் மாவுச்சத்து போய்விட்டால் சாஸ் பிடிக்காது. பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். வடிப்பதற்கு முன் அந்தத் தண்ணீரில் ஒரு கப் எடுத்து வையுங்கள், ரொம்ப முக்கியம்.

பதில்:
அந்த ஒரு கப் தண்ணீர்தான் உங்கள் முந்திரி சாஸுக்கும் மருந்து. முந்திரியில் மாவுச்சத்து உண்டு, கொதித்தால் கெட்டியாகத்தான் செய்யும். அரைக் கப் முந்திரியை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அரைக் கப் தண்ணீர் விட்டு நைசாக அரையுங்கள். பாஸ்தாவை வடித்து, அடுப்பை அணைத்துவிட்டு, சாஸை ஊற்றிப் பாஸ்தா தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். கரண்டியிலிருந்து வழிகிற பதம் போதும். எலுமிச்சைச் சாறு கடைசியில். முந்திரிக்குப் பதில் சோயா பால் ஊற்றலாமா என்று பலர் கேட்பார்கள். தக்காளி, எலுமிச்சை பட்டால் சூட்டில் திரிந்துவிடும், வேண்டாம்.

பதில்:
என்னைக் கேட்டால் கத்திரிக்காயும் தக்காளியும் இருக்கும்போது முந்திரி சாஸே தேவையில்லை. இத்தாலியின் சிசிலித் தீவில், கத்தானியா ஊரில், பாஸ்தா அல்லா நோர்மா என்று செய்வார்கள்: பொரித்த கத்திரிக்காய், தக்காளி சாஸ், துளசி வகையான பேசில் இலை, மேலே ரிக்கோட்டா சலாத்தா என்ற உப்புச் சீஸ். அந்தச் சீஸை விட்டுவிட்டு, பிரெட் தூளை ஆலிவ் எண்ணெயிலும் பூண்டிலும் மொறுமொறுவென வறுத்துத் தூவுங்கள். தென்னித்தாலியில் சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் இப்படித்தான் செய்தார்கள். சுவையில் குறையே இல்லை. பிரெட்டில் பால் பவுடர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வயிறு நிறைய வேண்டுமென்றால் வேகவைத்த கொண்டைக்கடலையை ஈரம் போகத் துடைத்து, காயோடு ட்ரேயில் போடுங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி! காலிஃபிளவர் ஓரம் நன்றாகச் சிவந்து வந்தது. சுட்ட பூண்டைப் பிதுக்கி சாஸில் கலந்தேன், அந்த மணத்துக்கே மகள் அடுப்படிக்கு வந்துவிட்டாள். பிரெட் தூளும் தூவினேன். ஒரு சந்தேகம் மட்டும்: டப்பாவில் கட்டிக் கொடுத்தால் மதியத்துக்குள் வறண்டுவிடாதா?

பதில்:
வறளும் அக்கா, ஆறினால் பாஸ்தா சாஸை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் டப்பாவுக்குச் சாஸைக் கொஞ்சம் தளர்வாகவே வையுங்கள், பென்னே மாதிரி குட்டை வகையாக இருக்கட்டும். பிரெட் தூளைத் தனிச் சிமிழில் கொடுங்கள், சாப்பிடும்போது தூவிக்கொள்ளட்டும். சூடாக்க வசதி இருந்தால் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால் இளகிவிடும்.