புதுப்பிப்பு: புராஸ்டேட் அறுவைக்குப் பின் அப்பாவின் சிறுநீர்க் கசிவு

புராஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அப்பாவுக்குச் சிறுநீர் கசிவதையும், மறு அறுவை இல்லாமல் வழியுண்டா என்பதையும் முன்பு கேட்டிருந்தேன். இங்கே மதுரையில் நாங்கள் பார்த்த இயன்முறை மருத்துவர், வாயு பிரியாமல் அடக்குவதைப் போல இடுப்புத்தளத் தசையை (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை) இறுக்கி, மூச்சைப் பிடிக்காமல், வயிற்றையும் பிட்டத்தையும் தளர்வாக வைத்துச் சில நொடிகள் நிறுத்தி, பின்பு அதே அளவு நேரம் தளர்த்தச் சொன்னார். இருமுவதற்கும் எழுவதற்கும் முன்பே இறுக்கிக்கொள்வதுதான் பெரும்பலன் தந்தது. மாட்டுத்தாவணியில் பேருந்துப் படியேறும்போது இப்போது வேட்டி நனைவதில்லை. தசை களைத்துவிடும் மாலையில் மட்டும் சிறிது கசிகிறது. காபியைக் குறைத்தாயிற்று (அதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை). ஆனால் தண்ணீரை அளவுக்கு மீறிக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும். பலருக்கு 6 முதல் 12 மாதங்களில் கசிவு குறையும் என்பதால், மறு அறுவைப் பேச்சை ஓராண்டு முடியும்வரை தள்ளிவைத்திருக்கிறோம்.