சிங்கப்பூர் வந்த புதிதில் நூடுல்ஸ்: ‘வெஜ்ஜா’ என்று கேட்காதீர்கள், சூப்பையும் எண்ணெயையும் கேளுங்கள்

கேள்வி:

வணக்கம். வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து ஐந்து வாரம் ஆகிறது. வீடு ஆங் மோ கியோவில். நடக்கும் தூரத்திலேயே உணவங்காடி நிலையம் (ஹாக்கர் சென்டர்) இருக்கிறது. ஆனால் உள்ளே போனால் எந்தக் கடையில் என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிடுகிறேன். வேலை முடிந்து ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். நான் கோழி, மீன், முட்டை சாப்பிடுவேன். பன்றியும் மாடும் கிடையாது. அடுத்த மாதம் மனைவி வருகிறார். அவர் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். இரண்டு பேரும் வீட்டுப் பக்கத்திலேயே சாப்பிட வழி உண்டா? நூடுல்ஸ் பெயர்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

பதில்:

தம்பி, தாராளமாக வழி உண்டு. நான் வந்து 16 வருடம் ஆகிறது. முதலில் என் அம்மா இங்கே வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன், அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

அம்மா சைவம். ஒரு கடையில் லக்சா என்கிற குழம்பு நூடுல்ஸைப் பார்த்தார். தேங்காய்ப்பால் குழம்பு, மிளகாய் நிறம், மேலே பச்சை இலை. நம் வீட்டுக் குழம்பு போலவே தெரிந்தது, அவருக்கு ஆசையாக இருந்தது. நான் கடைக்கார அம்மாவிடம் “வெஜிடேரியனா? இறைச்சி இல்லையே?” என்று கேட்டேன். “நோ மீட்” என்று தலையாட்டினார். சிப்பியையும் இறாலையும் போட வேண்டாம் என்று சொல்லி வாங்கிக் கொடுத்தேன். பாதிக் கிண்ணம் காலியான பிறகு, கரண்டியின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் மணல் மாதிரி ஏதோ படிந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் அரைத்த காய்ந்த இறால். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அன்று முழுக்க வேறு எதுவும் சாப்பிடவில்லை.

அந்தக் கடைக்கார அம்மா பொய் சொல்லவில்லை. நான் இறைச்சியைப் பற்றிக் கேட்டேன், அவர் இறைச்சியைப் பற்றிப் பதில் சொன்னார். லக்சாவின் மசாலாவை அரைக்கும்போதே காய்ந்த இறாலும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் சேர்ந்துவிடும். மேலே போடுவதை வேண்டாம் என்று சொன்னால் குழம்புக்குள் இருப்பது போகாது.

ஆகவே நூடுல்ஸ் கடையில் கேட்க வேண்டியது மூன்றுதான். சூப் எதில் கொதித்தது? எண்ணெய் எது? மிளகாய் விழுதில் இறால் உண்டா? தட்டின் மேலே தெரியும் துண்டுகளைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி உங்களுக்கு ரொம்ப முக்கியம், தம்பி. மீன் உருண்டை நூடுல்ஸ் கடையில் நின்று ஐந்து நிமிடம் கவனியுங்கள். பெரியவர் வெறும் கிண்ணத்தை எடுப்பார். அதில் ஒரு கரண்டி மிளகாய் விழுது, கொஞ்சம் சோயா, கொஞ்சம் வினிகர், அப்புறம் ஒரு சின்னக் கரண்டியில் பளபளப்பான எண்ணெய் ஒன்றை விடுவார். அது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பை உருக்கிய லார்ட். அதற்குப் பிறகுதான் நூடுல்ஸைக் கம்பி வலைக் கரண்டியில் போட்டுக் கொதிநீரில் முக்கி, உதறி, கிண்ணத்தில் கொட்டிக் கிளறுவார். எல்லாம் ஒரு நிமிட வேலை. நூடுல்ஸ் வெந்த பிறகு “நோ லார்ட்” என்று சொன்னால் காலம் கடந்துவிட்டது. அவர் கிண்ணத்தில் கை வைக்கும் முன்னாலேயே “அங்கிள், நோ போர்க், நோ லார்ட்” என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னாலும் சூப் பன்றி எலும்பில் கொதித்ததாக இருக்கலாம், அதே கொதிநீரில் எல்லாருடைய நூடுல்ஸும் வேகும். அது மனதுக்கு ஒப்பாது என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள், நூடுல்ஸுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. கடைக்காரர்களை ‘அங்கிள்’, ‘ஆன்டி’ என்று கூப்பிடுவது இங்கே எல்லா இனத்தவருக்கும் பழக்கம், தயங்க வேண்டாம்.

பெயர்களுக்கு வருகிறேன். கடையில் முதலில் எந்த நூடுல்ஸ் என்று கேட்பார்கள், பிறகு டிரையா சூப்பா என்பார்கள். அரிசியில் செய்தவை இரண்டு: பீ ஹூன், க்வே தியாவ். பீ ஹூன் நம் சேவை மாதிரி மெல்லியது. அதிலேயே தடித்த பீ ஹூன் உண்டு, லக்சாவில் வருவது அதுதான். க்வே தியாவ் வெள்ளையாக, நாடா போல அகலமாக இருக்கும். கோதுமையில் மீ கியா மெல்லியது, மீ போக் தட்டையானது. இவை இரண்டிலும் பெரும்பாலும் முட்டை சேரும், உங்கள் மனைவிக்கு ஆகாது. தடித்த மஞ்சள் மீயின் நிறம் பெரும்பாலும் காரத்தன்மையுள்ள உப்புக்கரைசலால் வருவது. ஆனாலும் சிலர் முட்டை சேர்ப்பதால் அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தாங் ஹூன் பாசிப்பயற்று மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸ். குழப்பமாக இருந்தால் உங்கள் மனைவிக்குக் கண்ணை மூடிக்கொண்டு பீ ஹூன் என்று சொல்லிவிடலாம், அதில் முட்டை பற்றிய கவலை இல்லை.

க்வே தியாவை வறுத்துத் தரும் சார் க்வே தியாவ் கடையில் வோக் சட்டி அனலில் கிடந்து எழுப்பும் அந்தப் புகை மணத்துக்கு ‘வோக் ஹே’ என்று பெயர். நல்ல கடையில் ஒவ்வொரு தட்டாகத்தான் வறுப்பார்கள், அதனால்தான் வரிசை நகராது. ஆனால் வழக்கமான செய்முறையில் லார்ட், பன்றி இறைச்சியில் செய்த லாப் சியோங் என்கிற சாசேஜ், சிப்பி மூன்றும் உண்டு. ஹொக்கியன் மீயைப் பார்த்தால் வெறும் இறால், கணவாய் போலத் தெரியும். அதன் சுவையே இறால் தலையும் பன்றி எலும்பும் சேர்ந்து கொதித்த சாற்றில்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் நீங்கள் ஹலால் கடையில் சாப்பிட்டுப் பாருங்கள். ருசி கொஞ்சம் வேறு, ஆனால் நன்றாகவே இருக்கும்.

புகழ்பெற்ற கடைகளின் பட்டியலைத் தேடி அலைவதும் உங்களுக்குப் பயன்படாது. 2016-ல் மிஷெலின் நட்சத்திரம் பெற்ற ஹில் ஸ்திரீட் தாய் ஹுவாவில் கிடைப்பது பன்றி இறைச்சி நூடுல்ஸ். பட்டியலில் வரும் நூடுல்ஸ் கடைகளில் நிறைய இப்படித்தான். வீட்டுக்குக் கீழே இருக்கும் நிலையத்தில் நாலு கடைக்காரர்களின் முகம் பழகிவிட்டால், அது எந்தப் பட்டியலையும்விட மேல் என்பது என் உறுதியான எண்ணம். மூன்றாம் முறை போகும்போது நீங்கள் வாய் திறக்கும் முன்னாலேயே “நோ லார்ட் ஆ?” என்று அவர்களே கேட்பார்கள்.

உங்களுக்கு என் சிபாரிசு மீ சோத்தோ. கோழி சூப்பில் மஞ்சள் மீ, பிய்த்துப் போட்ட கோழி, மேலே வறுத்த வெங்காயம். மலாய்க் கடைகளில் கிடைக்கும். மீ ரெபுஸ் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்த கெட்டிக் குழம்பு. அந்தக் குழம்பில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கலாம், கேட்காமல் வாங்காதீர்கள். மீன் சூப்பில் பீ ஹூன் போட்டுத் தருவதும் நல்ல இரவுச் சாப்பாடு, அங்கேயும் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை.

உங்கள் மனைவிக்குச் சீன பௌத்த சைவக் கடைகள் இருக்கின்றன. பல நிலையங்களிலும் காப்பிக்கடைகளிலும் ஒன்றாவது இருக்கும், பலகையில் வெஜிடேரியன் என்று எழுதியிருக்கும். அம்மாவின் அந்த லக்சா நாளுக்குப் பிறகு அவரை அப்படி ஒரு கடைக்குத்தான் கூட்டிப்போனேன். காலை ஏழரை மணி. பெரிய தட்டில் வறுத்த பீ ஹூன் ஆவி பறக்கக் குவிந்திருந்தது. பக்கத்தில் வேகவைத்த முட்டைக்கோஸ், மொறுமொறுவென்று பொரித்த சோயாத் தோல், இறைச்சி போலவே சிவப்பாகச் செய்த கோதுமைப் புரதம். அந்தச் சிவப்பைப் பார்த்து அம்மா பின்வாங்கினார். ஆன்டி ஒரு துண்டைக் கத்தரித்து உள்ளே காட்டி, “மாவு, மாவு” என்று சைகையால் சொன்னார். அம்மா சாப்பிட்டார். ஊருக்குத் திரும்பும்வரை தினமும் அங்கேயே பசியாறினார்.

பௌத்த சைவத்தில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. நம் நாக்குக்கு முதலில் கொஞ்சம் சப்பென்று இருக்கும், மிளகாய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில சைவக் கடைகளில் முட்டை உண்டு. போலி இறைச்சியிலும் சிலவற்றில் முட்டை வெள்ளைக்கருவோ பாலோ சேர்ப்பார்கள். ஆகவே அங்கேயும் “நோ எக்” என்று சொல்லியே ஆக வேண்டும். அம்மாவுக்கு அன்று கிடைக்காத லக்சாகூடச் சில சைவக் கடைகளில் இறால் இல்லாமல் கிடைக்கிறது.

சாதாரணக் கடையில் “காய்கறி மட்டும் போட்டுத் தாருங்கள்” என்று சொல்லி வாங்குவது வேண்டவே வேண்டாம். காய்கறியின் மேல் சிப்பிச்சாறு ஊற்றுவார்கள். சூப்பில் இக்கான் பிலிஸ் என்கிற காய்ந்த நெத்திலி இருக்கும். கேரட் கேக் என்று ஒன்று கிடைக்கும், அதில் கேரட்டும் இல்லை, அது கேக்கும் இல்லை. முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து வேகவைத்து, முட்டையோடு வறுப்பது.

பணம்: சாதாரண நூடுல்ஸ் நாலு முதல் ஆறு வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) அடங்கும். வீட்டுக்குக் கட்டி வாங்குவது ‘டாபாவ்’, பெட்டிக்கு 20, 30 காசு கூடக் கேட்பார்கள். கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ் இருந்தால் நல்லது. ஆனாலும் சின்ன நோட்டுகள் கையில் இருக்கட்டும், பெரியவர்கள் சிலர் காசு மட்டும்தான் வாங்குவார்கள். மேசையில் டிஷ்யூ பொட்டலமோ குடையோ தனியாகக் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம், அதை நகர்த்திவிட்டு உட்காராதீர்கள்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில் இது அமலில் இருக்கிறது. முதல் முறை எழுத்துமூல எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம்.

மற்றொருவர்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தட்டு வைக்கும் அடுக்கில் ஹலாலுக்குத் தனி இடம் இருக்கும், பல நிலையங்களில் தட்டின் நிறமே வேறு. சீனக் கடையில் வாங்கிய கிண்ணத்தை ஹலால் தட்டில் வைத்துத் தூக்கிப் போகாதீர்கள். நம் ஆட்கள் தெரியாமல் அடிக்கடி செய்கிறார்கள், அந்தக் கடைக்காரர் மனம் நோகும். அதேபோல் ‘நோ போர்க் நோ லார்ட்’ என்ற பலகை ஹலால் சான்றிதழ் ஆகாது, சான்றிதழ் தருவது முயிஸ் என்கிற சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம். உங்களுக்கு அந்தப் பலகை போதும், என் வீட்டுக்குப் போதாது. இன்னொன்று, மீ கோரிங்கை மறந்துவிட்டீர்களே! தமிழ் முஸ்லிம் கடைகளில் தக்காளிச் சாறும் மிளகாயும் போட்டுச் சிவக்க வறுப்பார்கள். தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

கேட்டவர்:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. இன்று கீழே போய் மீ சோத்தோ வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு சந்தேகம். மீ கோரிங்கை முட்டையும் கறியும் இல்லாமல் கேட்டால் மனைவி சாப்பிடலாமா?

பதில்:

செய்து தருவார்கள் தம்பி. ஆனால் அதே வோக்கில்தான் முன்னால் ஆட்டுக்கறி வறுத்திருப்பார்கள், அதே கரண்டிதான். சிலருக்கு அது பரவாயில்லை, சிலருக்கு ஆகாது. இதை நீங்கள் முடிவு செய்யாமல் அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் வருவதற்குள் உங்கள் நிலையத்தில் சைவக் கடை எந்த வரிசையில் இருக்கிறது, எந்த நாள் விடுமுறை என்று பார்த்து வையுங்கள். திங்கட்கிழமை மூடும் கடைகள் நிறைய. சில மாதங்களுக்கு ஒருமுறை நிலையம் முழுக்கச் சுத்தம் செய்ய மூடுவதும் உண்டு, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் தளத்தில் தேதி இருக்கும்.

அப்புறம், சீன நாட்காட்டியில் மாதத்தின் 1-ம் நாளும் 15-ம் நாளும் நம் கணக்கில் ஏறக்குறைய அமாவாசையும் பௌர்ணமியும். அன்று சீனர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் சைவக் கடையில் வரிசை நீளும், பீ ஹூன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அந்த இரண்டு நாளும் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.