ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர், கோவை:
அனைவருக்கும் வணக்கம். புதிதாக மின்கார் வாங்கியவர்களுக்கான குறிப்பேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் வந்ததும் நின்றுவிட்டேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராகி, வண்டியின் வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. 'மீள்தடை' என்று எழுதினேன். படித்த தம்பி, "புதிதாகப் போட்ட வேகத்தடையா?" என்று கேட்டான். மலைப்பாதை எச்சரிக்கை முழுவதும் இந்தச் சொல்லை நம்பி இருக்கிறது. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவாரூர்:
தம்பி, 'மீள்' தன்வினை. மீள்தடை என்றால் தடைதான் மீளும். மின்சாரத்தை நாம் மீட்கிறோம். பிறவினை வேண்டும், 'மீட்பு' என்று வையுங்கள். 'பிரேக்' என்ற சொல் வேண்டவே வேண்டாம். வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்காது. நம்மிடம் சொல் இல்லையா? எங்கள் ஆழித்தேரை நிறுத்தியது முட்டுக்கட்டை. நிறுத்த மட்டுமன்று, வீதி முனையில் தேரைத் திருப்பவும் அதே கட்டைதான். சக்கரத்தடியில் அதைப் போடுகிறவரின் கைத்திறனைச் சிறுவயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது. அதற்காக முட்டு என்ற சொல் செத்துவிடவில்லை. 'மின்மீட்பு முட்டு' என்று எழுதுங்கள்.

பொறியாளர், சென்னை:
ஐயா, முட்டு உராய்ந்து நிறுத்துவது. அந்த ஆற்றல் வெப்பமாகிப் போய்விடும். இங்கே அதைத்தான் வீணாக்காமல் சேமிக்கிறோம். மேலும், முட்டு என்றால் வண்டி எதன்மீதோ மோதியதாகவே ஓட்டுநர் நினைப்பார். வடசொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளத் தொல்காப்பியரே வழிவிட்டிருக்க, எல்லா மெக்கானிக்கும் அறிந்த பிரேக்கை ஏன் விரட்ட வேண்டும்?

குறிப்பேட்டில் இதைக் கட்டாயம் சேருங்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். 1,700 கிலோ எடையுள்ள கார் அதில் இழக்கும் நிலையாற்றல் 8 யூனிட்டுக்கு மேல். பாதியை மீட்டாலும் 4 யூனிட். ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் அதை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் காரின் வேகம் வழக்கம்போல் குறையாது. கால் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறும். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. புரியாத தூய சொல்லால் இந்த எச்சரிக்கையை மறைத்துவிடாதீர்கள். என் பரிந்துரை 'மின்மீட்பு பிரேக்'.

கல்லூரி ஆசிரியை, மதுரை:
மின்மீட்பு என்றால், புயலில் சாய்ந்த கம்பங்களை நட்டு மின்வாரியம் இணைப்புக் கொடுப்பதுதான் என் மாணவர்களுக்குத் தோன்றும். 'மின்தேக்கு' என யோசித்தேன். மின்தேக்கி ஏற்கெனவே கெப்பாசிட்டருக்குப் போய்விட்டது. 'ஆற்றல்மீட்பு பிரேக்' என்றால் நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர், கோவை:
அம்மா சொல்வது சரி. ஆனால், டாஷ்போர்டுப் படத்தில் அந்தச் சொல்லுக்குக் கிடைத்திருப்பது ஒரு விரற்கடை இடம். தனிமடலில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் பொறியாளர் பக்கமே இருப்பதால் 'மின்மீட்பு பிரேக்' என்று அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் இருக்கும். 80 சதவீதக் குறிப்பைக் கட்டம் கட்டிப் போட்டுவிட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவாரூர்:
தொல்காப்பியர் வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்துக்கு உரியதாக்கச் சொன்னார். அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. குறைந்தது 'பிரேக்கு' என்று உகரமாவது சேருங்கள். 'மீட்பு' வன்தொடர்க் குற்றியலுகரம்; பின்னால் வல்லினம் வந்தால் மிகும். 'மின்மீட்புப் பிரேக்கு' என்று திருத்தி அனுப்புங்கள் தம்பி. 'முட்டு' என்ற சொல்லை நான் இன்னும் விடவில்லை.