ஜாக்கெட்டை மாட்டு, ஜாக்கெட்டைக் கழற்று: 2010 ‘கராத்தே கிட்’ பார்த்த கதைகள்

இருபது ஆண்டுகளாக மாலை வேளைகளில் ஒரு மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்துவருகிறேன். 2010-இல் ‘தி கராத்தே கிட்’ படத்தைப் புதிதாக எடுத்து வெளியிட்டபோது மாணவர்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். போகும்போதே எனக்கு எரிச்சல்தான். கராத்தே ஜப்பானின் ஒகினாவாவில் வளர்ந்த கலை. இந்தப் படமோ பெய்ஜிங்கில் நடக்கிறது. பையன் கற்பது குங்ஃபூ. இட்லிக் கடை என்று பலகை மாட்டிவிட்டுப் பரோட்டா வீசுவது போல. அமெரிக்க விமர்சகர்கள் பலரும் அன்று இதைத்தான் முதலில் கிண்டலடித்தார்கள். 140 நிமிடம் ஓடுகிறது என்பதும், நாயகன் ஜேடன் ஸ்மித்தின் பெற்றோரே தயாரிப்பாளர்களில் இருவர் என்பதும் அவர்களுக்கு உறுத்தின.

என் எரிச்சல் ஒரு சண்டைக் காட்சியில் போயிற்று. ஆறு பையன்கள் நாயகன் ட்ரேயை மடக்கி அடிக்கும்போது, பழுது பார்க்கும் வேலைக்காரராக இருக்கும் ஹான் குறுக்கே வருகிறார். ஜாக்கி சான். ஒருவனையும் அவர் குத்துவதில்லை. ஒருவன் வீசிய கையைத் திருப்பி இன்னொருவன் மேல் விழச் செய்கிறார். அவர்கள் உடையைக் கொண்டே அவர்களை முடக்குகிறார். அடிப்பவன் அடி அவனிடமே திரும்புகிறது. வகுப்பில் நான் நூறு முறை வாயால் சொல்லியும் ஏறாததைப் பையன்கள் அந்த ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு ஜாக்கெட். மாட்டு, எடு, போடு, கழற்று, கீழே எறி, குனிந்து எடு, மறுபடி மாட்டு. நாள் கணக்கில் ஹான் ட்ரேக்குக் கொடுக்கும் பயிற்சி இதுதான். என் பையன்கள் சிரித்தார்கள். ஹான் திடீரென்று அடிக்க வரும்போது ட்ரேயின் கைகள் தாமாகவே எழுந்து தடுத்தன. எங்கள் வரிசையில் சத்தம் நின்றுவிட்டது. மூலமான 1984 படத்தில் ஆசான் மியாகி, மாணவன் டேனியலைக் கார் மெழுகவும் வேலிக்குச் சாயம் பூசவும் வைத்தார். அங்கே கிழவருக்கு வேலையும் முடிந்தது. இங்கே ஹானுக்கு ஓர் ஆதாயமும் கிடையாது. ஆதாயம் அந்தப் பையனின் அம்மாவுக்கு. ஜாக்கெட்டைக் கண்ட இடத்தில் போடாதே என்று படத்தின் தொடக்கத்திலிருந்து கத்திக்கொண்டிருப்பவர் அவர்தானே. மறு ஆக்கம் மூலப் படத்தை மிஞ்சிய ஒரே இடம் இதுதான் என்பேன்.

நீங்கள் எங்கே, யாரோடு பார்த்தீர்கள்? எழுதுங்கள்.

* * *

மாஸ்டர், உங்களுக்கு ஜாக்கெட் நினைவிருக்கிறது. எனக்கு அந்தக் குழந்தைகள் வாங்கிய அடிதான் நினைவிருக்கிறது. என் மகனுக்கு அப்போது பதினொரு வயது. படப்பிடிப்பின்போது ஜேடனுக்கும் அதே வயதுதான். ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்றார்கள் என்று நம்பிப் போனேன். வயிற்றில் உதை, முகத்தில் குத்து, தரையில் சாய்ந்த பிள்ளைக்கு மறுபடி உதை. போட்டியில் எதிரணி ஆசான் தன் மாணவனிடம் ட்ரேயின் காலை முறிக்கச் சொல்லும்போது மகனின் கண்ணைப் பொத்தினேன். அவன் விரலிடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தான் என்பது வேறு கதை.

பழைய படத்தில் டேனியலாக நடித்த ரால்ஃப் மாச்சியோவுக்கு 22 வயது. பள்ளி மாணவன் என்று சொன்னாலும் உடம்பு வளர்ந்த ஆள். அடி விழுந்தாலும் நெஞ்சு பதறாது. அமெரிக்காவில் சில விமர்சகர்கள் இதே குறையைச் சொன்னார்கள் என்று பிறகு படித்தபோது, என் பதற்றம் வெறும் தாய்மனம் அல்ல என்று கொஞ்சம் ஆறுதல்.

அம்மாவாக வந்த டராஜி பி. ஹென்சன் பற்றி யாருமே பேசவில்லை. டெட்ராய்ட்டிலிருந்து வேலை மாற்றலில் மொழி தெரியாத ஊருக்குப் பிள்ளையோடு வந்த தனியாள். மகன் முகத்துக் காயத்தை மறைப்பது தெரிந்தும், எவ்வளவு கேட்கலாம் என்று அளந்து கேட்கும் அந்தத் தயக்கம் எனக்குப் பழக்கமானது.

* * *

மறு ஆக்கம் என்றாலே எனக்கு ஆகாது. 1984 படத்தை வாடகை வீடியோ கேசட்டில் தேயத் தேயப் பார்த்தவன் நான். ‘ராக்கி’ எடுத்த ஜான் ஜி. அவில்ட்சனின் கை அது. நகைச்சுவை மேடையிலிருந்து வந்த பாட் மொரிடாவுக்கு மியாகி வேடத்துக்காகத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அதற்குக் காரணம் சண்டை அல்ல, மியாகி குடித்துவிட்டு அழும் இரவு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் அவர் போரிட்டுக்கொண்டிருந்தபோது, அதே அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்த மான்சனார் முகாமில் மனைவி பிரசவத்தில் இறந்துபோகிறாள், குழந்தையும் பிழைக்கவில்லை.

அந்த இரவை இவர்கள் எப்படிக் கெடுத்திருப்பார்கள் என்று பார்க்கத்தான் போனேன். வீட்டுக்குள் நிற்கும் காரை ஹான் சம்மட்டியால் உடைக்கிறார். அவர் ஓட்டிய அந்தக் கார் மோதித்தான் மனைவியும் மகனும் இறந்தார்கள். ஆண்டு முழுக்கச் சரிசெய்வார், அந்த நாள் வந்ததும் நொறுக்குவார். பையன் ஒன்றும் பேசாமல், இருவர் கையையும் ஒன்றாக இணைத்துப் பழகும் பயிற்சிக் கம்புகளை எடுத்து வந்து நீட்டுகிறான். கிழவரின் கை மெல்ல அதைப் பற்றுகிறது. இருவர் அசைவும் ஒன்றாகிறது. ஏணியிலிருந்து விழுந்து எழுந்து பல்லைக் காட்டும் ஜாக்கியைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். படம் பிடிக்காத விமர்சகர்கள்கூட இந்த நடிப்பை ஒதுக்கவில்லை. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார்.

ஆனாலும் ஒரு கணக்கு எனக்கு நேராகவில்லை. மியாகியின் துக்கத்துக்குள் ஒரு நாட்டின் குற்றம் இருந்தது. ஹானின் துக்கம் ஒரு வீட்டுக்குள் முடிந்துவிடுகிறது. பெருஞ்சுவர், அரண்மனை, வூடாங் மலை என்று சுற்றிக்காட்டியவர்கள் அந்த ஊர் மனிதரின் வரலாற்றைத் தொடவில்லை. சீன அரசு நிறுவனமும் சேர்ந்து தயாரித்த படத்தில் அதை எதிர்பார்த்தது என் தவறாகவும் இருக்கலாம்.

* * *

ஐயா சொன்ன கடைசி வரிக்கு ஒரு சாட்சி. அப்போது வேலைக்காகப் பெய்ஜிங்கில் இருந்தேன். அங்கே படத்தின் பெயர் ‘குங்ஃபூ கனவு’ என்ற பொருளில்; கராத்தே என்ற சொல்லையே காணோம். மாஸ்டருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். முடிந்த படத்தைத் தணிக்கை அதிகாரிகள் முதலில் ஏற்கவில்லை. சுமார் 12 நிமிடம் வெட்டிய பிறகே விட்டார்கள். சீனப் பையன்கள் அயல்நாட்டுப் பையனை வதைப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கு வந்து முழுப் படத்தை டிவிடியில் பார்த்தபோதுதான் ட்ரே அவ்வளவு அடி வாங்கியிருக்கிறான் என்று தெரிந்தது. மேலே எழுதிய அக்கா அங்கே பார்த்திருந்தால் கண்ணைப் பொத்தும் வேலை குறைந்திருக்கும்.

* * *

எல்லோருக்கும் நன்றி. குறை சொன்னவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, 4 கோடி டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 35 கோடி டாலருக்கு மேல் வசூலித்துவிட்டது. 2025-இல் வந்த அடுத்த படத்தில் ஜாக்கியையும் மாச்சியோவையும் ஒன்றாக நிறுத்தி, இரண்டு கதைகளையும் ஒரே குடும்பமாக்கிவிட்டார்கள்.

அக்கா சொன்னதற்குப் பிறகு, இப்போது எட்டு வயதாகும் என் மகளோடு முழுப் படத்தையும் மறுபடி பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. அந்த உதைகள் 2010-இல் எனக்கு உறைக்கவே இல்லை. நுட்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் சண்டையின்போது மகள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். ஜாக்கெட் காட்சிக்குத் திரும்பி வந்தாள்.

மறுநாள் வகுப்பில் சுவரில் வரிசையாகப் பத்து ஆணி அடித்தேன், சீருடை மாட்ட. வகுப்பு முடிந்து பார்த்தால் மூன்று ஆணியில் சீருடை தொங்கியது. மற்ற ஏழும் தரையில். அதில் ஒன்று என் மகளுடையது.