சின்னப் பிள்ளைங்க நாவல் படிக்கிற பெரியவங்க யாரெல்லாம் இருக்கீங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பாளையங்கோட்டைக்காரி:
எம் பையன் ஆறாப்பு படிக்கான். மாவட்ட மைய நூலகத்துல இருந்து அவன் எடுத்துட்டு வார புக்கை அவன் தூங்குன பொறவு நான் எடுத்துப் படிக்க ஆரம்பிச்சு ஒரு வருசம் ஆகப்போகுது. படம் பாத்து பேர் சொல்ற புக்கு இல்ல, 8 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்குன்னு வருதுல்லா, நூறு பக்கத்துக்கு ஒரு நாவல், அது. பெரியவங்க நாவல்ல நாப்பது பக்கம் போயும் யாருக்கு என்ன வேணும்னு தெரிய மாட்டேங்கு, இதுல மூணாவது பக்கத்துலயே பிள்ளை வீட்டை விட்டு வெளிய போயாச்சு, நமக்கு பக்குன்னு இருக்கு. இதுமாதிரி படிக்கிறவங்க எப்படி ஆரம்பிச்சீங்கன்னு எழுதுங்க, ஒரு வரியில முடிச்சிராதீங்க.

ஸ்ரீவைகுண்டம் மருமக:
நான் படிச்சதை விட எங்க அத்தை படிச்சதைத்தான் சொல்லணும். அத்தைக்கு 72 வயசு, அஞ்சாப்பு வரைக்கும்தான் படிப்பு, ஆனா பேப்பர்ல ஒரு வரி விட மாட்டாங்க. போன வருசம் கண்புரை ஆபரேஷன் ஆச்சு, குனியக்கூடாது அடுப்புப் பக்கம் போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களா, அவங்களுக்கு சும்மா இருந்து பழக்கமே இல்ல, தார்சால சேரைப் போட்டு தெருவையே பாத்துட்டு இருப்பாங்க, பாக்க எனக்கே ஒரு மாதிரி இருக்கும். கண்ணாடி போட்ட பொறவும் பேப்பர் எழுத்து பொடிசா இருக்குன்னு தள்ளி வச்சிட்டாங்க. எம் மகதான் அவ பையில இருந்த ஒரு புக்கை எடுத்து, இதுல எழுத்து பெருசா இருக்கு பாருங்க ஆச்சின்னு மடியில வச்சா. உதயசங்கர் எழுதுன ஆதனின் பொம்மை. 2023ல சாகித்ய அகாடமியோட பால சாகித்ய புரஸ்கார் வாங்குனது, எழுதுனவரு நம்ம கோவில்பட்டிக்காரரு. கீழடிய வச்சு எழுதுன கதை, ஆதன்ங்கிற பேரே அங்க தோண்டி எடுத்த பானை ஓட்டுல கீறியிருந்த பேருதான்.

அத்தை விரலை வச்சு வச்சு, வாய்க்குள்ளயே முணுமுணுன்னு படிப்பாங்க. ஒரு அத்தியாயம் முடிஞ்சா கண்ணாடியக் கழத்தி முந்தானையில தொடச்சு திரும்ப மாட்டுவாங்க, பொறவு அடுத்தது. இப்படியே நாலு நாள். நாலாம் நாள் சாயங்காலம் நான் அடுக்களையில தேங்கா திருவிட்டு இருக்கேன், ‘ஏட்டி இங்க வா’ன்னு ஒரு சத்தம், என்னமோ ஏதோன்னு ஓடுனா, ‘இதெல்லாம் நம்ம ஊர்லயும் கிடந்துதே’ங்காங்க. அவங்க பொறந்தது கருங்குளம், ஆதிச்சநல்லூர் பரம்பு பக்கத்துலதான. சின்னப்பிள்ளையில ஆடு பத்திட்டு அந்தப் பரம்புக்குப் போவாங்களாம், மழை பெஞ்சு மண்ணு அரிச்சா, அந்தக் காலத்துல செத்தவங்களை வச்சுப் புதைச்ச தாழியோட வாய் வட்டமா வெளிய தெரியுமாம், அதை மிதிக்கப்படாதுன்னு அவங்க ஆச்சி சொல்லியிருக்காங்க, ஆனா இவங்க செவப்பும் கருப்புமா கிடக்க ஓட்டைப் பொறக்கிட்டு வந்து சில்லு விளையாடுவாங்களாம். நான் இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருசம் ஆச்சு, ஒரு நாள் கூட அவங்க இதைச் சொன்னதில்ல, நாங்களும் கேட்டதில்ல. அகழாய்வு பத்தி எத்தனையோ தடவ பேப்பர்ல வந்துருக்கு, அதையும் வரி விடாமதான் படிச்சிருப்பாங்க. கதையில ஒரு பையன் வந்து நிக்கவும்தான் அவங்களுக்கு அவங்க எட்டு வயசு ஞாபகம் வந்துருக்கு. அன்னைக்கு ராத்திரி எம் மகளும் அவங்களும் பதினோரு மணி வரைக்கும் பேசிட்டே கிடந்தாங்க.

செங்கோட்டை பாசஞ்சர்:
மதினி எழுதுனதை ரெண்டு தடவ படிச்சிட்டேன். நான் திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து கல்லிடைக்குறிச்சிக்கு தினமும் ரயில்ல போய்ட்டு வாரவன், முக்கால் மணி நேரம் கிட்ட ஆகும், அதுல மூணு அத்தியாயம் ஓடிரும். ஒண்ணு சொல்லிருதேன், இது பழைய ஞாபகத்துக்காகப் படிக்கிறது இல்ல. 1972ல சிவகாசியில ஆரம்பிச்ச முத்து காமிக்ஸ் மேல எனக்கும் உசுருதான், ஆனா அதைத் தொறந்தா நான் பத்து வயசுல இருந்த தெருவும் வீடும்தான் ஞாபகம் வருது, கதை ரெண்டாவதுதான். இப்ப புதுசா வார நாவல்ல கதை மட்டும்தான், அடுத்து என்ன ஆகும்னே தெரியாது.

முதல்ல கூச்சமா இருந்துச்சு, அட்டைய பேப்பர்ல மடிச்சு மூடித்தான் படிப்பேன். இது நமக்கு மட்டும் உள்ளது இல்ல போல, ஹாரி பாட்டர் முதல் புத்தகம் லண்டன்ல 1997ல வந்துது, அடுத்த வருசமே அதே கதைக்கு பெரியவங்களுக்குன்னு வேற அட்டை போட்டு வித்தாங்க. நான் மூடுறதை நிப்பாட்டுனது ஒரு பிள்ளையாலதான். பேப்பர் கிழிஞ்சுட்டுன்னு ஒரு நாள் அப்படியே வச்சுப் படிச்சிட்டு இருந்தேன், நாய் தொலைஞ்சு போற கதை, எதுத்தாப்ல யூனிஃபார்ம் போட்ட ஒரு பிள்ளை அட்டையவே பாத்துட்டு வந்தா, பேட்டை தாண்டவும் ‘மாமா, எங்க வரைக்கும் வந்துருக்கீங்க?’ன்னு கேட்டா. பிள்ளைங்க எல்லாம் ஆத்தோரம் தேடப் போற இடம்னேன். ‘நான் முடிச்சிட்டேன், ஆனா சொல்ல மாட்டேன்’னு சொல்லி வாயை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டா. சேரன்மகாதேவியில இறங்குற வரைக்கும் பொத்துன கைய எடுக்கல, இறங்கி நடந்து போகும்போது ஜன்னல் பக்கம் வந்து, ‘மாமா அழுவாதீங்க, கடைசி வரைக்கும் படிங்க’ன்னு சொல்லிட்டு ஓடிட்டா. காருகுறிச்சி வரதுக்குள்ள முடிச்சேன். நாய் கிடைச்சுட்டு.

நைட் டூட்டி நர்ஸ், டவுன்:
இந்தக் கதையெல்லாம் சிரிப்பும் விளையாட்டுமாத்தான் இருக்கும்னு நினைக்காதீங்க. வார்டுல எல்லாரும் தூங்குன பொறவு ஒண்ணு படிச்சேன், தாத்தா இறந்து போறாரு, அதுக்கு ரெண்டே பக்கம், மறுநாள் அந்தப் பிள்ளை அவரு செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நடந்து பாக்கா, அம்புட்டுதான். சாவு எனக்கு வேலையிலயே தினமும் உள்ளது. இருந்தும் அந்தச் செருப்பு என்னைய அழ வச்சுட்டு.

பாளையங்கோட்டைக்காரி:
மதினி, அத்தைய ஆதிச்சநல்லூருக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போங்களேன், 2023ல இருந்து அங்கயே மியூசியம் மாதிரி வச்சிருக்காங்க, தோண்டுன குழிக்கு மேல கண்ணாடி போட்டு, தாழியெல்லாம் கிடந்த இடத்துலயே பாக்கலாம்.

ஸ்ரீவைகுண்டம் மருமக:
போன ஞாயித்துக்கிழமை போய்ட்டு வந்தோம் எல்லாரும். கீழ குழியில தாழி தாழியா இருக்கு, எம் மக கண்ணாடி மேல ஓடிட்டா, அத்தை மட்டும் ஓரத்துலயே நின்னுட்டாங்க. வாங்க அத்தை, ஒண்ணும் ஆகாது, கெட்டிக் கண்ணாடின்னு கூப்பிட்டேன். செருப்பைக் கழத்தி கையில எடுத்துக்கிட்டு, பொறவுதான் கால வச்சாங்க.